உங்க உடம்பு சரியானது உண்மை. ஆனா அது ஒரு பட்டம் இல்லை.

1.
போன வாரம் இன்பாக்ஸில் ஒரு மெசேஜ்.

"மேடம், எனக்கு அஞ்சு வருஷமா பிசிஓடி. மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் பீரியட்ஸ் வரும். சாப்பாட்டை மாத்தி 11 கிலோ குறைச்சேன். இப்ப மாசாமாசம் சரியா வருது. பேங்க் வேலையை விட்டுட்டு ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன் கோச் ஆகலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல ஆறு வாரக் கோர்ஸ் இருக்கு. நான் பட்ட கஷ்டம் மத்தவங்க படக்கூடாது. என்ன நினைக்கிறீங்க?"

அவருக்கு மட்டும் நாலு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனா இதே ஆசை இப்போ நிறைய பேர் மனசுல ஓடுது. அதனால பொதுவில் எழுதுறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2.
முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தத் தங்கைக்கு வாழ்த்துகள். அவர் சொல்வது கற்பனை இல்லை. அதிக எடை உள்ள பிசிஓடி பெண்கள் 5 முதல் 10 சதவீதம் எடை குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரும். இது எங்க பாடப்புத்தகத்திலேயே இருக்கு. மாத்திரை எழுதுவதற்கு முன்னால் நாங்கள் சொல்ல வேண்டிய விஷயமும் அதுதான்.

என் சண்டை அவர் குணமானதோடு இல்லை. அடுத்த அடியோடுதான். "எனக்குச் சரியாச்சு" என்பதில் இருந்து "உங்களுக்கும் சரி பண்றேன், ஜிபே பண்ணுங்க" என்பதற்குப் போகும் அந்த ஒரு அடி. நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. அதில் விழுந்தவர்களை ராத்திரி ரெண்டு மணிக்குக் கேஷுவாலிட்டியில் பார்ப்பது நாங்கள்தான்.

3.
"நீங்க டாக்டர், பொறாமையில பேசுறீங்க"ன்னு கமென்ட் வரும். வரட்டும். அதுக்கு முன்னால என் கதையைக் கேளுங்க. அந்தப் பள்ளத்தில் ஒருத்தரைத் தள்ளினவ நானும்தான்.

எனக்குக் கர்ப்ப காலத்தில் சுகர் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு சரியாச்சு. அப்புறம் நைட் டூட்டி, வார்டு, குழந்தை, கிடைத்த நேரத்தில் கிடைத்த புரோட்டா. ரெண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் எச்பிஏ1சி 6.2. சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. பயந்துட்டேன்.

அரிசியைப் பாதியாகக் குறைத்தேன். முட்டை, சுண்டல், காய் கூட்டினேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பாடு இல்லை. தினமும் முக்கால் மணி நேரம் நடை. ஒன்பது மாதத்தில் 13 கிலோ குறைந்தது. எச்பிஏ1சி 5.5க்கு வந்தது. உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

4.
அந்தச் சந்தோஷத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முன்னால், பின்னால் போட்டோ போட்டு முழு டயட்டையும் எழுதினேன். "யாரு வேணா பண்ணலாம்"ன்னு கடைசி வரி வேற. நாற்பது ஹார்ட் வந்துச்சு.

என் சித்தப்பாவுக்கு 62 வயசு. பதினஞ்சு வருஷமா சுகர். கிளிமிபிரைடு மாத்திரை போடறவர். கிட்னியும் லேசா பழுது. "பாப்பா டாக்டர், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டார். மாத்திரையை மட்டும் விடலை.

அஞ்சாம் நாள் விடியற்காலை நாலு மணி. உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறுது. பக்கவாதம்னு நினைச்சு 108ல தூக்கிட்டு வந்தாங்க. சுகர் 38. நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தினதும் கண் முழிச்சார். கிட்னி பழுதானவருக்கு அந்த மாத்திரை உடம்பில் தங்கி மறுபடி மறுபடி சுகரை இறக்கும். அதனால ஒரு நாள் முழுக்க வார்டில் வெச்சுப் பார்க்க வேண்டியிருந்தது.

5.
பிழைச்சுட்டார். என் மேல கோபப்படவும் இல்லை. ஆனா எனக்கு அன்னைக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. அந்தக் குரூப்பில் நான் டாக்டராகப் பேசவில்லை. குணமானவளாகப் பேசினேன்.

டாக்டராகப் பேசியிருந்தால் கேட்டிருப்பேன்: வேற என்ன நோய் இருக்கு? என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்? கிரியேட்டினின் எவ்வளவு? இதில் எதையும் கேட்கவில்லை. என் உடம்புக்கு நடந்ததைச் சொன்னேன், அவ்ளோதான். எம்.பி.பி.எஸ். படித்த எனக்கே அந்தச் சந்தோஷம் கண்ணை மறைச்சுதுன்னா, ஆறு வாரக் கோர்ஸ் முடித்தவரை என்ன செய்யும்?

"ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்"னு சொல்லுவாங்க. ஆயிரம் வேரைக் கண்டவனே பாதி வைத்தியன்தான் என்றால், ஒரே ஒரு உடம்பைக் கண்டவர் யார்?

6.
சொந்த அனுபவம் ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது? மூணு காரணம்.

ஒண்ணு, சில நோய்கள் தானாகவே அடங்கும். பிரசவத்துக்குப் பிறகு வரும் ஒரு வகைத் தைராய்டு அழற்சி பலருக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் தானே சரியாகிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் கொத்தமல்லித் தண்ணீர் குடித்திருந்தால் பேர் வாங்குவது கொத்தமல்லி.

ரெண்டு, யாரும் ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை. எடை குறையும், நல்லா தூங்குவாங்க, நடப்பாங்க, டென்ஷனான வேலையை விட்டிருப்பாங்க. பாராட்டு மட்டும் சியா விதைக்குப் போகும்.

மூணு, அதே டயட்டை இருந்து ஒன்றும் ஆகாதவர் போஸ்ட் போடுவதில்லை. மோசமானவர் குரூப்பை விட்டு அமைதியா வெளியேறிடுவார். அங்கே மிஞ்சி நிற்பவர்கள் எல்லாரும் ஜெயித்தவர்கள். அதைப் பார்த்துவிட்டு "நூத்துக்கு நூறு ரிசல்ட்"ன்னு நீங்க நம்புறீங்க.

7.
இப்போ ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்றேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கேன்.

பதினொரு வயசுப் பொண்ணு. டைப் 1 சர்க்கரை நோய். கண்டுபிடிச்சு ஆறு மாசம். எங்க ஆஸ்பத்திரியில்தான் இன்சுலின், இலவசமா. ஆரம்பத்தில் அதிக டோஸ் தேவைப்பட்டது. மூணாவது மாசத்தில் இருந்து தேவை குறைஞ்சுகிட்டே வந்துச்சு.

டைப் 1ல் இது அடிக்கடி நடக்கும். இதுக்கு 'தேனிலவுக் காலம்'னே பேர். இன்சுலின் ஊசி தொடங்கியதும் கணையத்தில் மிச்சம் இருக்கும் செல்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். சில வாரமோ சில மாதமோ அவை திரும்ப வேலை செய்யும். பிறகு அதுவும் முடிந்துவிடும். நோய் போகவில்லை, மூச்சு வாங்கிக்கொள்கிறது.

8.
அந்த அம்மாவுக்கு இதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. 'யாரும்' என்பதில் நானும் உண்டு.

இன்ஸ்டாகிராமில் ஒருத்தர். தனக்கு 280 இருந்த சுகரை சாப்பாட்டாலேயே சரிசெய்தவர். பொய் இல்லை, அவருடையது டைப் 2, எடை குறைத்ததில் உண்மையாகவே இறங்கியிருக்கு. அதன்பிறகு அவர் 'முழுமையான ஊட்டச்சத்து ஆலோசகர்' ஆகிவிட்டார். டைப் 1க்கும் டைப் 2க்கும் பேரில்தான் ஒற்றுமை. டைப் 2ல் உடம்பில் இன்சுலின் இருக்கு, சரியா வேலை செய்யலை. டைப் 1ல் இன்சுலினே இல்லை. காலியான சிலிண்டருக்கு ரெகுலேட்டரை எத்தனை தடவை மாத்தினாலும் அடுப்பு எரியாது.

"டோஸ் குறையுதுன்னா உடம்பு தயாராயிடுச்சு, ஊசியை நிறுத்திப் பார்ப்போம்"னு சொன்னார். கம்பங்கஞ்சி, பாகற்காய் ஜூஸ், பட்டைத் தண்ணி.

9.
மூணாம் நாள் வயித்து வலி. நாலாம் நாள் வாந்தி. அம்மா பயந்து மெசேஜ் போட்டாங்க. வாய்ஸ் நோட் வந்துச்சு: "நச்சு வெளியேறுதும்மா, நல்ல அறிகுறி. பயப்படாதீங்க, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு! இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்த த்ரெட் முழுக்கக் கேள்வி கேட்கிறேன்.

அஞ்சாம் நாள் ராத்திரி கேஷுவாலிட்டி. நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், பெருமூச்சு பெருமூச்சா விடுது குழந்தை. வாயில் பழம் அழுகின வாடை. குளுக்கோமீட்டர் நம்பர் காட்டவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. கீட்டோஅசிடோசிஸ். இன்சுலின் இல்லாததால் கொழுப்பு கண்டபடி உடைந்து ரத்தமே அமிலமாகிப்போன நிலை. வெளியேறினது நச்சு இல்லை. உடம்பின் தண்ணியும் உப்பும்தான் வெளியேறிச்சு.

நாலு நாள் ஐசியூ. பிழைச்சுட்டா.

10.
டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்த அம்மா சொன்னதை என்னால் மறக்க முடியலை. "அவரு கெட்டவரு இல்ல டாக்டரம்மா. தினமும் காலைல பாப்பா எப்படி இருக்கான்னு கேப்பாரு."

எனக்குப் பதில் வரலை. ஏன்னா நாங்கள் கேட்டதில்லை. இதைப் பற்றிக் கீழே பேசுறேன்.

11.
"சாப்பாடே மருந்து"ன்னு சொல்பவர்களுக்கு ஒரு வரலாறு. டைப் 1க்குச் சாப்பாட்டு வைத்தியம் புதுசு இல்லை. உலகம் அதைச் செய்து பார்த்து முடித்துவிட்டது. இன்சுலின் வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஆலன் என்ற டாக்டர் பட்டினி டயட் கொடுத்தார். அப்போதைக்கு இருந்ததிலேயே சிறந்த சிகிச்சை அதுதான். குழந்தைகள் எலும்பும் தோலுமாகி, கொஞ்சம் தாமதமாக இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொரான்டோவில் லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். கதை மாறியது அதற்குப் பிறகுதான். நூறு வருஷம் முன்னால் தோற்ற வைத்தியத்தை ரீல்ஸ் போட்டு விற்கிறாங்க.

12.
அப்போ சாப்பாட்டுக்குச் சக்தி இல்லையா? நிறையவே இருக்கு. அதனால்தான் விளையாடக் கூடாதுன்னு சொல்றேன்.

பிரிட்டனில் 'டைரக்ட்' என்று ஒரு ஆய்வு. 2017 டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது. டைப் 2 சர்க்கரை நோயாளிகள் சுமார் 300 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு மூணு முதல் அஞ்சு மாசம் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும். ஒரு வருஷ முடிவில் டயட் குரூப்பில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சுகர் சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தது. மற்ற குரூப்பில் 4 சதவீதம். பிரமாதமான முடிவு. டாக்டர்களும் டயட்டீஷியன்களும் செய்த ஆய்வு. நாங்கள் எதையும் மறைக்கவில்லை.

ஆனா கூடவே இதையும் பாருங்க. நோய் கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்தார்கள். இன்சுலின் போடுபவர்களைச் சேர்க்கவில்லை. முதல் நாளே சுகர், பிரஷர் மாத்திரைகளை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தினார்கள். சித்தப்பாவுக்கு நான் செய்யாமல் விட்டது அதைத்தான். அப்படியும் பாதிக்கு மேல் சரியாகலை. அதையும் எண்ணி வெளியிட்டார்கள். தோற்றவர்களையும் எண்ணுவதுதான் அறிவியல். தோற்றவர்களை பிளாக் செய்வது வியாபாரம்.

13.
இந்த வியாபாரம் நம்ம ஊரில் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரே காலத்தில் நடந்த ரெண்டு பேர் கதை இருக்கு.

பெல் கிப்சன். மூளைப் புற்றுநோயைச் சாப்பாட்டால் சமாளிக்கிறேன் என்றார். 2013ல் ஆப், அப்புறம் சமையல் புத்தகம். 2015ல் எனக்குப் புற்றுநோயே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2017ல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

ஜெஸ் ஐன்ஸ்கோ. இவர் பொய் சொல்லவில்லை. கையில் உண்மையான, அரிய வகைப் புற்றுநோய். கையை எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த வயதில் யாருக்குத்தான் மனசு வரும்? ஜூஸும் எனிமாவும் கொண்ட ஒரு டயட் முறைக்கு மாறினார். பல வருஷம் நல்லாத்தான் இருந்தார், ஏன்னா அந்தப் புற்றுநோய் மெதுவாக வளரக்கூடியது. ஆயிரக்கணக்கானவர்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது அம்மாவும் அதே வழிக்குப் போனார். 2013ல் அம்மா இறந்தார். 2015ல் 29 வயதில் மகளும்.

ஒருத்தர் ஏமாத்தினார். இன்னொருத்தர் உயிரையே வைத்து நம்பினார். ஆனா போனில் பார்க்கிற உங்களுக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க. அதனால "இவர் உண்மையானவரா?" என்ற கேள்வி போதாது. "இவருக்குத் தெரியுமா?" என்று கேளுங்க.

14.
சரி, நோயாளி நிபுணர் ஆகவே கூடாதா? தாராளமா ஆகலாம். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கரைப் பாருங்க.

12 வயதில் டைப் 1. படித்தது இன்ஜினியரிங். 1969ல் ரத்த சர்க்கரை பார்க்கும் மிஷின் டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்பனை. அவர் மனைவி டாக்டர். மனைவி பேரில் ஒன்று வாங்கி, ஒரு நாளில் பல தடவை தன் சுகரைப் பார்த்து, எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏத்துது என்று எழுதி வைத்தார். மாவுச்சத்தைக் குறைத்தார், உடம்பு தேறியது. வீட்டிலேயே சுகர் பார்க்கலாம் என்று எழுதி அனுப்பியதை மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின.

அவர் என்ன செய்தார் தெரியுமா? 45 வயதை ஒட்டி மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். டாக்டரானார். அவருடைய டயட்டில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனா அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. இன்னொண்ணு, மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லி உலகத்துக்கே சொன்ன அவர் கடைசி வரை இன்சுலினை விடவில்லை.

15.
இப்போ எங்க பக்கத்துத் தப்பு. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த த்ரெட் நேர்மையா இருக்காது.

காலை ஓ.பி.யில் நூறு பேருக்கு மேல் நிற்பாங்க. ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம். "அரிசியைக் குறைங்க, இனிப்பு வேணாம், நடங்க. அடுத்து யாரு?" இதுதான் நாங்கள் கொடுக்கும் டயட் ஆலோசனை. ரேஷன் அரிசியை நம்பி இருக்கிற குடும்பத்தில் அரிசியைக் குறைத்தால் எதை வைத்து வயிறு நிரப்புவாங்க என்று கேட்பதில்லை. எம்.பி.பி.எஸ்.ஸில் ஊட்டச்சத்துக்குக் கொடுக்கும் இடமும் கம்மி. வைட்டமின் குறைபாட்டை மனப்பாடம் பண்ணி வெளியே வர்றோம்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்"பாங்க. அந்தக் கோச் காது கொடுத்துக் கேட்டார். நாங்கள் சீட்டு எழுதினோம். மக்கள் கேட்பவரிடம்தான் போவாங்க. பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லாமல் தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் படித்த டயட்டீஷியனைப் போடுங்க என்று அரசை நாம எல்லாரும் கேட்கணும். காலி இடம் இருக்கிற வரைக்கும் யாராவது வந்து உட்காரத்தான் செய்வாங்க.

16.
'ஹோலிஸ்டிக்' என்றால் முழுமை. நல்ல வார்த்தை. ஆனா முழுமையாகப் பார்ப்பவர் மாத்திரைச் சீட்டையும் பார்க்கணும். கிட்னி பழுதானவருக்கு இளநீரும் கீரை ஜூஸும் தினமும் கொடுத்தால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். வால்வு ஆபரேஷன் செய்து ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் போடுபவர் திடீரென்று கீரையை அள்ளிச் சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையும், வால்வில் ரத்தம் உறையும். கர்ப்பிணி தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். இளநீரும் கீரையும் நல்ல உணவுகள்தான். யாருக்கு என்பதுதான் கேள்வி.

17.
காசு கட்டுவதற்கு முன்னால் எந்தக் கோச்சிடமும் இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க.

அ. என்ன படிச்சீங்க, எங்க, எத்தனை வருஷம்? 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை கொடுத்த வழிகாட்டுதல்படி, உடல்நலம் பேசும் இன்ஃப்ளூயன்சர்கள் இதை வெளிப்படையாகச் சொல்லணும்.
ஆ. என் மாத்திரைச் சீட்டும் ரத்த ரிப்போர்ட்டும் கேட்டீங்களா?
இ. உங்ககிட்ட வந்து சரியாகாதவங்க எத்தனை பேர்?
ஈ. எந்த அறிகுறி வந்தா டயட்டை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?
உ. நீங்க சொல்ற பவுடர் உங்ககிட்ட மட்டும்தான் கிடைக்குமா?

நாலாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் உங்க குழந்தையைக் கொடுக்காதீங்க. மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தச் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துடுங்க. அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளை கூட விடாதீங்க. சந்தேகம் இருந்தால் 104க்கு போன் பண்ணுங்க.

18.
கடைசியா, மெசேஜ் அனுப்பின தங்கைக்கு.

உங்களுக்கு உண்மையாகவே இந்த வேலை மேல ஆசைன்னா, படிங்க. நியூட்ரிஷன் அண்ட் டயட்டெட்டிக்ஸில் மூணு வருஷ பி.எஸ்சி., ரெண்டு வருஷ எம்.எஸ்சி., ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப், இந்திய டயட்டெட்டிக் சங்கம் நடத்தும் ஆர்.டி. தேர்வு. டயட்டீஷியனையும் நியூட்ரிஷனிஸ்ட்டையும் சுகாதாரத் தொழிலாக 2021 சட்டமே பட்டியலில் சேர்த்திருக்கு. கஷ்டமான பாதைதான். ஆனா அதை முடித்து வந்தால், நீங்கள் பட்ட வலி உங்க படிப்புக்கு உயிர் கொடுக்கும். எங்களுக்கு வராத பொறுமை உங்களுக்கு வரும். உங்களை மாதிரி ஒருத்தர் எங்க ஓ.பி. பக்கத்து அறையில் உட்கார்ந்தால் முதல் ஆளா நோயாளிகளை அனுப்புவது நானாகத்தான் இருப்பேன்.

படிக்க முடியாத சூழ்நிலையா? அதிலும் தப்பில்லை. பேங்க் வேலையை விடாதீங்க. உங்க கதையைச் சொல்லுங்க. தெருவில் நாலு பெண்களைச் சேர்த்துக்கிட்டு நடங்க. உங்க சமையலைச் சொல்லிக்கொடுங்க. "எனக்கு இப்படி நடந்தது" என்பதோடு நிறுத்திக்குங்க. "உனக்கும் இப்படித்தான் நடக்கும்" என்று மட்டும் சொல்லாதீங்க.

19.
சித்தப்பா இப்பவும் அந்தக் குரூப்பில் இருக்கார். நான் போட்ட டயட் போஸ்ட்டை அழித்துவிட்டேன். அதுக்குப் பதிலா, "யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, தனியா எனக்கு அனுப்புங்க. பார்த்துச் சொல்றேன்"னு போட்டேன்.

ஒரு ஹார்ட்கூட வரலை. பதினேழு மாத்திரைச் சீட்டு வந்துச்சு.

டைப் 1 குழந்தை இருக்கும் வீடு உங்களுக்குத் தெரிந்தால், இதை அவங்களுக்கு அனுப்புங்க.